மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலை எப்படிப் பார்க்க வேண்டும்?

மும்பைக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்த்த கையோடு, எதிரே நிற்கும் தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலின் முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே தங்கும் வசதி நமக்கு இல்லாவிட்டாலும், அதன் வரலாற்றில் பெரும்பகுதியை வெளியில் நின்றே அறிந்துகொள்ளலாம்.

காலையிலேயே சென்றுவிடுங்கள். கடலைப் பார்த்த முகப்பு கிழக்கு நோக்கியிருப்பதால், அப்போதுதான் வெயில் அதன்மீது நேராக விழும். வளைவுச் சாளரங்களும் மாடங்களும் நடுவிலுள்ள பெரிய குவிமாடமும் தெளிவாகத் தெரியும். கேட்வேக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரண்டில் எது மூத்தது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஜம்சேத்ஜி டாட்டா கட்டிய இந்த ஹோட்டல் 1903 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. கேட்வே கட்டி முடிக்கப்பட்டது 1924இல். ஆகவே, இருபது ஆண்டுகளுக்கு மேலாக, துறைமுகத்துக்குள் நுழைந்த கப்பல் பயணிகளை வரவேற்றது இந்தக் குவிமாடமே.

வலப்புறம் உயர்ந்து நிற்கும் கோபுரக் கட்டடம், கிரீன்ஸ் ஹோட்டல் இருந்த இடத்தில் 1970களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. பழைய கட்டடத்தோடு அது போட்டியிடவில்லை என்றாலும், கண்ணை முதலில் இடப்பக்கமே நிறுத்துங்கள்.

அடுத்துச் செய்ய வேண்டியதைப் பலர் செய்வதில்லை: ஹோட்டலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் செல்லுங்கள். தொடக்கத்தில் வாசல் இந்த நகரப் பக்கத்தில்தான் இருந்தது. கட்டடத்தின் இரு பக்கப் பகுதிகளுக்கும் நடுவில், இன்று நீச்சல்குளம் இருக்கும் இடத்தின் வழியாகவே விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள். இதைவைத்து ஒரு கதை உலவுகிறது. வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர் வரைந்த படத்தை இங்கிருந்தவர்கள் முன்பின்னாக மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்றும், அதைக் கண்டு மனமுடைந்த அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். வடிவமைப்பைத் தொடங்கியவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் டி. என். மிர்சாவும், வைத்யா மறைந்தபின் பணியை நிறைவுசெய்தவர் டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ். நகரிலிருந்து குதிரை வண்டியில் வருபவர்களுக்கு அந்த வாசல் வசதியாக இருந்தது என்பதும், கடல் பக்கம் முழுவதையும் அறைகளுக்கு விட முடிந்தது என்பதும் அந்த அமைப்பைப் புரிந்துகொள்ளப் போதுமானவை. இந்தியர்கள் வரைந்து தொடங்கிய ஒரு கட்டடத்தின் பெருமையை அந்தக் கதை மறைத்துவிடுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே செல்ல விரும்பினால், முதல் மாடியிலுள்ள சீ லவுஞ்சில் தேநீர் அருந்தத் திட்டமிடுங்கள். விலை அதிகம், பாதுகாப்புச் சோதனையும் உண்டு. தங்குபவராக இருந்தால், நடுக் குவிமாடத்தின் கீழுள்ள பெரிய படிக்கட்டை அவசியம் பாருங்கள். கீழே தூண்களின்றி, சுவரையே பற்றி நிற்கும்படி கட்டப்பட்டது அது. முதல் உலகப் போரின்போது இந்த ஹோட்டல் 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக இயங்கியது என்பதை நினைவில்கொண்டு நடந்தால், தாழ்வாரங்கள் வேறுவிதமாகத் தெரியும்.

2008 நவம்பர் 26 தாக்குதலில் இங்கு உயிரிழந்தவர்களுக்கான நினைவுச்சின்னத்தின் முன் சற்று நின்று பெயர்களைப் படியுங்கள். அங்கே படம் எடுக்க வேண்டாம். விருந்தினர்களைக் காப்பாற்றும் முயற்சியில் இறந்த ஊழியர்களும் அவர்களுள் உண்டு. கடும் சேதமடைந்த பழைய பகுதி செப்பனிடப்பட்டு, 2010 ஆகஸ்ட் 15 அன்று மீண்டும் திறக்கப்பட்டது.

நேரம் மீந்தால் அருகிலுள்ள காலா கோடா பகுதி வரை நடந்து, வாட்சன்ஸ் ஹோட்டலாக இருந்த வார்ப்பிரும்புக் கட்டடத்தையும் பாருங்கள். 1896 ஜூலை 7 அன்று திரைப்பட முன்னோடிகளான பிரான்சின் லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். தாஜ் திறக்கப்படும்வரை பம்பாயின் பெருமைமிக்க விடுதி அதுவே.