மார்ச் முதல் வாரம் டுலூத் பக்கம் போகிறவர்களுக்கு: ஆந்தைக்கு ஒரு நாள், கடற்காகத்துக்கு ஒரு நாள்

குளிர்காலம் முடியும் நேரத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் பலர் ஆந்தையையும் கடற்காகத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன், இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஆந்தைக்கு சாக்ஸ்-ஸிம் சதுப்புக்காடு, கடற்காகத்துக்கு சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் துறைமுகம். நடுவே சுமார் ஒரு மணி நேர ஓட்டம்.

முதல் நாள் விடியும் முன்பே சதுப்புக்காட்டுச் சாலையில் இருக்க வேண்டும். தேட வேண்டியது பெரிய சாம்பல் ஆந்தையை. நிற்கும்போது இரண்டடிக்கு மேல் உயரம், எடை என்னவோ ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும், மீதி எல்லாம் இறகு! அதன் வட்ட முகம் ஒலியைக் குவிக்கும் தட்டு மாதிரி. ஒரு அடிக்கும் மேலான பனிக்கு அடியில் ஓடும் வோல் எலியின் சத்தத்தைக் கேட்டே பாய்ந்து பிடித்துவிடும். பகலில் உருகி இரவில் உறைந்து பனியின் மேல் ஓடு கட்டிவிட்டால்தான் வேட்டை கஷ்டமாகிறது, அப்போது ஆந்தைகள் சாலையோரத்துக்கு வருகின்றன. நமக்கு லாபம், அதற்குப் பசி. இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

அட்மிரல் சாலை, மெக்டேவிட் சாலை இரண்டிலும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே போங்கள். பறவையைத் தேடாதீர்கள், முறிந்த மரக்கட்டையைத் தேடுங்கள். சாம்பல் ஆந்தை அப்படித்தான் தெரியும். ஸ்ப்ரூஸ் மரத்தின் உச்சி நுனியில், பட்டப்பகலில், நீண்ட வாலோடு ஒன்று உட்கார்ந்திருந்தால் அது பருந்து ஆந்தை. பத்து மணிக்கு மேல் பெரிய ஆந்தைகள் காட்டுக்குள் போய்விடும். அந்த நேரத்தில் ஆந்தை அவென்யூவில் (சாலையின் பெயரே அதுதான்) இருக்கும் பார்வையாளர் மையத்துக்குப் போய், முந்தின நாள் எங்கே எது தெரிந்தது என்று கேட்டுக்கொள்ளலாம்.

வண்டியிலிருந்து இறங்காமல் பார்ப்பதுதான் நல்லது, ஆந்தை வண்டியைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் சரி. உங்களையே முறைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். படத்துக்காகக் கடையில் வாங்கிய எலியை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அதற்குப் பழகிய ஆந்தை சாலையிலேயே சுற்றி வண்டியில் அடிபடும். இன்னொன்று, ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும்போது ஜன்னலைத் திறந்து படம் எடுத்தால் அனல் அலையில் எல்லாப் படமும் குழம்பிப்போகும், முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். வண்டியை ஓரங்கட்டும்போதும் கவனம். சாலை மாதிரி சமமாகத் தெரிந்த பனியில் சக்கரத்தை இறக்கினேன், கீழே பள்ளம்; ஒரு புண்ணியவான் டிரக்கில் கயிறு கட்டி இழுத்துவிட்டார், அதற்குள் சாயங்கால வெளிச்சம் போய்விட்டது.

கடற்காகத்துக்கு அதிகாலை எழும் கட்டாயம் இல்லை, ஆனால் கால் மரத்துப்போகும் வரை நிற்கும் பொறுமை வேண்டும். கால்வாய்ப் பூங்காவில், தூக்குப் பாலத்துக்குப் பக்கத்தில், பனிக்கட்டி முடிந்து திறந்த நீர் தொடங்கும் விளிம்பைப் பாருங்கள். பைனாகுலர் மட்டும் போதாது, ஸ்கோப் (முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி) வேண்டும். கூட்டத்தில் பெரும்பாலானவை ஹெரிங் கடற்காகம்: சாம்பல் முதுகு, கறுப்பு இறக்கை நுனி, இளஞ்சிவப்புக் கால். முதலில் இதை அலுக்கும் வரை பாருங்கள், அப்போதுதான் மாறுபட்டது தானாகக் கண்ணில் படும். நுனியில் கறுப்பே இல்லாமல், ஹெரிங்கைவிடப் பருமனாக, வெளிறி ஒன்று இருந்தால் கிளாக்கஸ் கடற்காகம். அதன் முதல் வருடக் குஞ்சுக்கு இளஞ்சிவப்பு அலகு, முனையை மட்டும் மையில் தோய்த்தது போலிருக்கும். அதே வெளிறலோடு சிறிய அலகும் உருண்ட தலையும் வாலைத் தாண்டி நீளும் இறக்கையும் இருந்தால் ஐஸ்லாந்து கடற்காகம். முன்பு தனி இனமாக எண்ணப்பட்ட தேயர் கடற்காகத்தை 2017-இல் இதோடு சேர்த்துவிட்டார்கள், பழைய கையேடு வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். ஹெரிங் முழு நிறம் பெற நான்கு வருடம் ஆகும், அதனால் பழுப்புக் குஞ்சுகளில் பாதிக்குப் பெயர் வைக்க முடியாமல் போனால் கவலைப்படாதீர்கள். நானும் விட்டுவிடுவேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மறுபடி சதுப்புக்காட்டுக்குப் போகலாமா என்று ஆசை வரும். காற்று அடங்கியிருந்தால் போங்கள். காற்று பலமாக இருந்தால் ஆந்தைக்குப் பனிக்கு அடியில் ஒன்றும் கேட்காது, வேட்டைக்கு வெளியே வருவதும் குறைவு. டுலூத்திலேயே நில்லுங்கள், கடற்காகத்துக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை.