பென்சீன் புழங்கும் வேலை: எலும்பு மஜ்ஜையைக் காக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஜூரோங் தீவின் எண்ணெய்த் தொட்டிகளிலும் துவாஸ் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்வோரிடம், வாடை அடிக்காதவரை ஆபத்தில்லை என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. பெட்ரோலிலும் சில கரைப்பான்களிலும் இருக்கும், எளிதில் ஆவியாகும் ரசாயனமான பென்சீன் விஷயத்தில் மூக்கை நம்பவே கூடாது. எட்டு மணி நேர வேலைக்கான சராசரி வரம்பை அமெரிக்கா 1987ஆம் ஆண்டிலேயே காற்றில் பத்து லட்சத்தில் 1 பங்காகக் குறைத்துவிட்டது. பென்சீனின் இனிப்பு கலந்த வாடை பலருக்குத் தெரிவதற்குள் காற்றில் அது அந்த வரம்பைவிட அதிகமாகவே கலந்திருக்கும்.

என்95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய கவசம் தடுக்கும் என்றாலும், உறை பிரித்த வடிகட்டியை வாரக்கணக்கில் லாக்கரில் தொங்கவிட்டு மீண்டும் மாட்டுவது, அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில், வெறும் சம்பிரதாயம். பெயிண்ட் படிந்த கையைத் தின்னரில் நனைத்த துணியால் துடைப்பதும் தவறு; கரைப்பான்கள் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

இவற்றைவிடப் பெரிய தவறு, இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தனித்தனியாக மட்டும் பார்ப்பது. கல்லீரலில் சிதையும் பென்சீனின் விளைபொருள்கள் எலும்பு மஜ்ஜையை அடைந்து, இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களையே தாக்குகின்றன. குறைவளர் இரத்தசோகை (மஜ்ஜை போதிய இரத்த அணுக்களை உருவாக்காத நிலை), கடுமையான இரத்தப் புற்றுநோய் ஆகியவை பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். எடுத்துக்காட்டாக, ஒருவரின் தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மூன்று பரிசோதனைகளில் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு 3,10,000, 2,40,000, 1,75,000 என்று இறங்கினால், ஒவ்வொரு அறிக்கையிலும் ‘இயல்பு’ என்றே இருக்கும், ஆனால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கே சரிவு தெரியும். ஆகவே பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாதீர்கள். கம்பெனி மாறும்போது பிரதி கேட்டு வாங்குங்கள். வேலை அனுமதிச் சீட்டுக்கான மருத்துவச் சோதனை காசநோய் போன்ற தொற்றுகளைத் தேடுவது. அதில் தேறியதை மஜ்ஜைக்கான சான்றாகக் கொள்ள முடியாது. சிறுநீர் மாதிரியையும் வேலை முடிந்த கையோடு கொடுக்க வேண்டும், ஓய்வு நாளுக்கு மறுநாள் கொடுத்தால் பென்சீனின் தடயம் பெரும்பாலும் வெளியேறியிருக்கும்.

ஈறில் இரத்தம் கசிந்தாலோ, அடிபடாமலே தோலில் நீலம் கட்டினாலோ, சோர்வு என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரையோடு நாள் கடத்தாதீர்கள். கிளினிக்கில் நோயை மட்டும் சொல்லிவிட்டு வேலையைச் சொல்லாமல் வருவோர் அதிகம். டிரம்மின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பதை முடிவு செய்ய அது அவருக்கு உதவும்.