வாசிப்பு அனுபவத்தை எழுதுவது எப்படி

நீங்கள் படித்ததையும் எழுதியதையும் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்து, "சின்ன வயதிலிருந்தே எனக்குப் புத்தகம் என்றால் உயிர்" என்று ஆரம்பித்திருந்தால் முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள், அதை எல்லோரும் எழுதியாயிற்று. பட்டியலும் வேண்டாம். ஒரே ஒரு புத்தகம், அதை எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, அது போதும்.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில், 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். படித்த நூல்களையெல்லாம் ஐயர் வரிசையாக அடுக்க, முதலியாரோ கொஞ்சமும் அசராமல், இதனால் என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஐயர் படித்ததில்லை. தன் பெருமை சப்பென்று போனதை மறைக்காமல் எழுதியதால்தான் அந்தப் பக்கம் இன்னும் நிற்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், பழைய புத்தகத்தை எடுத்து ஓரத்தில் கிறுக்கியதைப் பாருங்கள். நான் ஒரு நாவலில் பென்சிலால் "ஆஹா!" என்று எழுதி அடியில் மூன்று கோடு போட்டிருந்தேன், எதற்கென்று இப்போது சுத்தமாகப் புரியவில்லை. அந்தக் குழப்பத்தையே இரண்டு பத்தி எழுதலாம். பாதியில் மூடிய புத்தகங்களையும் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

எழுதும் பழக்கத்தைச் சொல்வதானால், எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தப் பேனா என்பதற்கெல்லாம் ஒரு வரி தாராளம். நீங்கள் எழுதி வெட்டி எறிந்த பத்தி ஒன்றை அப்படியே போட்டு, ஏன் வெட்டினேன் என்று சொன்னால் படிப்பவருக்கு உபயோகம். ஒரு வாரம் கழித்துச் சத்தமாகப் படித்து, நாக்கு இடறும் இடங்களை மட்டும் திருத்துங்கள்.