மாண்டலினில் கழுத்து சேரும் இடம்: கோடா, அசைவா?

பழைய மாண்டலினைக் கையில் எடுத்ததும் பலர் முதலில் திருப்பிப் பார்ப்பது ஹீலைத்தான். கழுத்தின் அடி உடலோடு முட்டும் அந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடினால் கருவியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கோடு இல்லையென்றால் நம்பி வாங்கிவிடுவார்கள். இரண்டுமே ஏமாறும் வழி. கழுத்தும் உடலும் தனித்தனி மரத்துண்டுகள். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, அதனால் மேலே பூசிய லாக்கர் என்ற மெருகுப் பூச்சு அந்த விளிம்பில் வெடிப்பது இயல்பு. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, தந்தியை இறுக்கும்போது அந்தக் கோடு அசைகிறதா என்பதை. எட்டுத் தந்திகளும் சுருதியில் நிற்கும்போது மொத்த இழுவை சுமார் 80 கிலோ. சரியாகப் பொருந்தாத இணைப்பு அந்தச் சுமையில் வாய் திறந்தே தீரும்.

கீழே உள்ள அளவுகள், 1922இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த எஃப்-5 மாதிரியைப் பின்பற்றும் செதுக்கிய மேற்பலகை மாண்டலின்களுக்கு உரியவை. நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பட்டை) பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரை) வரை சுமார் 352 மி.மீ., 15ஆவது ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உடலோடு சேர்க்கை, உள்ளே டவ்டெயில் பூட்டு (புறாவின் வால் போல விரிந்த மரப் பூட்டு). குடம் போன்ற முதுகுள்ள நேப்பிள்ஸ் வகையில் சேர்க்கை 10ஆவது ஃப்ரெட்டில் வரும், கணக்கு மாறும்.

தேவையானவை: 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய உலோகத் தகடுகள்), கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), டார்ச், பல் மருத்துவரிடம் இருப்பது போன்ற சிறு கண்ணாடி, ஒரு கடை ரசீது.

முதலில் தந்திகளை ஜோடி ஜோடியாக ஜி, டி, ஏ, ஈ என்று முழுச் சுருதிக்கு ஏற்றி அரை மணி நேரமாவது விடுங்கள். தளர்ந்த தந்தியோடு காட்டப்படும் கருவியில் எந்த இணைப்பும் அழகாகத்தான் இருக்கும்.

அடுத்து கழுத்தின் வளைவைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, 15ஆவது ஃப்ரெட்டில் விரலால் அழுத்தினால், 7ஆவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி போதும். 0.4 வந்தால் கழுத்தே வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடி வளைவைத் திருத்தும் கம்பியான ட்ரஸ் ராடைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள், இல்லையென்றால் கழுத்தின் குறைக்கு இணைப்பின் மேல் பழி போடுவீர்கள்.

இப்போது உடலோடு கழுத்து சாய்ந்திருக்கும் கோணம். ஸ்கேலை ஏ, டி ஜோடிகளுக்கு இடையே ஃப்ரெட்டுகளின் மேல் நீளவாக்கில் படுக்க வையுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜின் முகப்பு வரை 30 செ.மீ. சரியாக எட்டும். ஸ்கேலின் அடிவிளிம்பு பிரிட்ஜைத் தொடும் இடத்துக்கும் மேற்பலகைக்கும் உள்ள உயரத்தை அளங்கள். 13 முதல் 16 மி.மீ. என்றால் நிம்மதி. 10க்குக் கீழே இருந்தால், ஒன்று கழுத்தைக் குறைந்த கோணத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அல்லது அது முன்னால் எழும்பியிருக்கிறது. பிரிட்ஜின் திருகுச் சக்கரங்களைக் கடைசி வரை இறக்கியும் 12ஆவது ஃப்ரெட்டில் ஜி தந்தி 2 மி.மீ.க்கு மேல் நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். பிரிட்ஜ் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அதைத் திருகி மாற்றிவிடலாம். ஃப்ரெட் மட்டத்தை யாராலும் திருகி மறைக்க முடியாது.

இனி ரசீதுத் தாள். டார்ச்சை ஹீலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தாளின் மூலையைக் கோட்டில் வைத்து மெல்லத் தள்ளுங்கள். தந்தி இழுக்கும்போது ஹீலின் அடிதான் உடலை விட்டு விலகும். ஆகவே பின்பலகையின் நாக்கு ஹீலின் மேல் படியும் அந்த மூலையில் கவனமாகத் தேடுங்கள். விரல்பலகைக்கு அருகே மட்டும் இடைவெளி இருந்தால் அது பெரும்பாலும் செய்தவர் சரியாகச் சீவாத குறை, பலத்தைப் பாதிக்காது. அடியில் தாள் நுழைந்தால், பிரிட்ஜ் நகராதபடி டேப்பால் குறித்துக்கொண்டு தந்திகளைத் தளர்த்துங்கள். தாள் இறுகிக்கொண்டாலோ, வெளியே எடுத்தபின் திரும்ப நுழைய மறுத்தாலோ, இணைப்பு மூச்சுவிடுகிறது என்று பொருள். தளர்த்தினாலும் இறுக்கினாலும் ஒரே மாதிரி நுழைந்தால் அது பழைய, நகராத இடைவெளி. அதோடு பல வருடம் நன்றாக வாசிக்கலாம்.

சிறிய இடைவெளிதானே என்று தோன்றும். ஹீலின் உயரம் 40 மி.மீ. என்றால், அடியில் 0.3 மி.மீ. திறந்தாலே நட் 1.5 மி.மீ. எழும்பி, 12ஆவது ஃப்ரெட்டில் தந்தி அரை மி.மீ. உயர்ந்துவிடும். அதை வாசிப்பவரின் விரல் உடனே உணரும்.

பக்கவாட்டுக் கோணலுக்கு நட்டின் நடுவிலிருந்து, உடலின் கடைசியில் தந்திகள் மாட்டும் டெயில்பீஸின் நடுவுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் விரல்பலகையின் நடுவிலேயே ஓட வேண்டும். அரை டிகிரி திரும்பியிருந்தாலும் நூல் நடுவை விட்டு விலகும். அப்போது பிரிட்ஜை ஒரு பக்கம் நகர்த்தி ஒப்பேற்றியிருப்பார்கள். ஈ தந்தி விளிம்பிலிருந்து நழுவுவது அதன் அடையாளம்.

உள்ளே கண்ணாடியைவிட்டு, கழுத்து பூட்டியிருக்கும் கட்டையைப் பாருங்கள். பூட்டின் கன்னத்தையொட்டி இழைவழியே ஓடும் வெடிப்பு இருந்தால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். கட்டைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒட்டு விட்டிருந்தால் மட்டும் சரிசெய்துவிடலாம், ஹீலும் திறந்தது போல அது போலியாகக் காட்டும்.

டவ்டெயில் ஏன் தோற்கிறது? பூட்டின் சரிந்த பக்கங்கள் மரத்தோடு மரம் நெருங்கி நிற்க வேண்டும். அவசரத்தில் செதுக்கியவர் இடைவெளியைப் பசையால் நிரப்பிவிடுவார். பசைக் குவியல் மெல்ல மெல்ல இழுபடும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு மதியம் வைத்தால் வெள்ளைப் பசையும் இளகும், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையும் இளகும். போல்ட் போட்ட கழுத்தென்றால் கவலை குறைவு: ஆலன் சாவியால் இறுக்கிவிட்டு மறுபடி தாளை நுழைத்துப் பாருங்கள். ‘மாண்டலின்’ யு. ஸ்ரீநிவாஸ் வாசித்தது போன்ற உள்ளே குடைவில்லாத உடலுள்ள எலெக்ட்ரிக் மாண்டலினிலும் கழுத்து திருகுகளால் பூட்டியதென்றால் முதலில் அவற்றைத்தான் சோதிக்க வேண்டும்.

கோட்டின் மேல் கண்ணாடி போலப் பளபளக்கும் மணிகள் தெரிந்தால், யாரோ எபாக்ஸி பசையைச் செலுத்தியிருக்கிறார்கள். வச்சிரம் போட்ட இணைப்பை, பூட்டின் மேல் வரும் ஃப்ரெட்டைக் கழற்றி, துளை வழியே நீராவி செலுத்திப் பிரித்து மறுபடி பொருத்தலாம். எபாக்ஸி போட்டதை அப்படி எளிதில் பிரிக்க முடியாது, பிரித்தாலும் மரம் பிய்ந்து வரும். அந்த வேலைக்கான கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டே விலை சொல்லுங்கள்.