ஒருவர் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்க: ஏ-ஃப்ரேமில் பகிர்பொருள் அமைத்தல்

கைப்பேசி, மேசைக்கணினி, விஆர் ஹெட்செட் ஆகிய மூன்றிலும் உலாவிக்குள்ளேயே இயங்குவதால், பலர் கூடும் மெய்நிகர் அறைக்கு, வலைப்பக்கத்தில் முப்பரிமாணக் காட்சிகளை அமைக்கும் ஏ-ஃப்ரேமையும், அக்காட்சியைப் பலரிடையே பகிரும் அதன் துணைநிரலான நெட்வொர்க்ட் ஏ-ஃப்ரேமையுமே நான் பரிந்துரைப்பேன். அறையும், அதில் பயனர்களைக் காட்டும் அவதாரங்களும் தயாராக உள்ளன என்று கொண்டு, எல்லோரும் பகிரும் பொருளான கதவை மட்டும் பார்ப்போம்.

முதலில், எதைப் பகிர்வது என்று முடிவு செய்யுங்கள். கதவு சுழலும் கோணத்தைப் பகிர வேண்டாம். செய்திகள் இயல்பாக நொடிக்கு 15 முறையே செல்வதால் அசைவு தடுமாறக்கூடும். "கதவு திறந்தது" என்ற அறிவிப்பை மட்டும் அனுப்புவதும் போதாது. நான் அப்படித்தான் செய்தேன், தாமதமாக நுழைந்தவருக்குக் கதவு மூடியே இருக்க, மற்றவர்கள் அதனூடே நடந்துபோனார்கள். எனவே "திறந்துள்ளதா" என்ற ஒரே நிலையைக் கதவின் காம்போனென்டில் (பொருளுக்குப் பண்பும் செயலும் தரும் நிரல்கூறு) வைத்து, அசைவை அந்தந்தக் கருவியே இயக்கட்டும்.

அடுத்து, அந்தக் காம்போனென்டை ஸ்கீமாவில், அதாவது பொருளின் எவையெவை பகிரப்பட வேண்டும் என்ற பட்டியலில், சேருங்கள். இயல்பாகப் பகிரப்படுபவை இடமும் சுழற்சியும் மட்டுமே.

என் இரண்டு இரவுகளை விழுங்கியது உரிமை. ஒரு பொருளின் மாற்றங்களை அதன் உரிமையாளரின் கருவி மட்டுமே மற்றவர்களுக்கு அனுப்பும். மற்றவர் தொட்டால், அவர் திரையில் மட்டும் கதவு திறக்கும், பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே நிலையை மாற்றும் வரிக்கு முன்பாக, பின்பாக அல்ல, உரிமையைத் தொடுபவருக்கு மாற்றும் 'டேக்ஓனர்ஷிப்' செயற்கூற்றை அழையுங்கள். இருவர் ஒரே வேளையில் கோரினால், பிந்திய கோரிக்கையே நிற்கும். கதவுக்கு இது போதும்.

தொடுதல், சுட்டி, கைக்கருவி ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல் எழுதாதீர்கள். ஏ-ஃப்ரேமில் உள்ள கர்சரும் (சுட்டிக்கும் தொடுதலுக்கும்) லேசர் கன்ட்ரோல்ஸும் (கைக்கருவிக்கு) 'கிளிக்' என்ற ஒரே நிகழ்வைத் தருவதால், கதவு அதை மட்டும் கேட்டால் போதும். கைப்பேசியிலும் ஹெட்செட்டிலும் சோதிக்க எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) முகவரி வேண்டும்; அது இல்லாவிட்டால் விஆர் பயன்முறைக்குள் நுழைய முடியாது.

பின்சேர்க்கை: ஐந்து பேர் நுழைந்தால் ஐந்து கதவுகள் தோன்றுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். வலைப்பக்கத்தின் நிரலிலேயே எழுதப்பட்ட பொருளுக்கு 'நெட்வொர்க்ஐடி' என்ற அடையாளக் குறியை நீங்களே நிலையாகக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு கருவியும் தன் கதவைப் புதிதெனக் கருதிப் பிறருக்கும் அனுப்பிவிடும். அதனுடன் 'பெர்சிஸ்டென்ட்' (நிலைத்திருப்பது) என்ற அமைப்பையும் உண்மை (true) என்று வையுங்கள். இல்லையெனில் உருவாக்கியவர் வெளியேறும்போது கதவும் அவருடன் போய்விடும்.