கூண்டுக்குள் போக மறுக்கும் நாய்க்குட்டிக்கு

மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். சிறுநீர், மலம் கழித்து முடித்ததும் அங்கேயே தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது.

இந்தப் பழக்கத்துக்குக் கூண்டும் உதவும். அது, குட்டி எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பறையாக்கிவிடும். பிடிவாதக் குட்டியை உள்ளே தள்ளாதீர்கள். கதவைத் திறந்தே விட்டு, சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்து, தினமும் கொஞ்சம் உள்ளே நகர்த்துங்கள். முதலில் சாப்பிடும் நேரம் மட்டும் கதவைச் சாத்துங்கள், அப்புறம் மெதுவாகக் கூட்டலாம். தண்டனைக்கு அடைக்கவே கூடாது.

வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விட்டால், குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பது வீண் வேலை (அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போகும், அவ்வளவுதான்). வாசனை தங்காதபடி என்சைம் கிளீனர் (சிறுநீர் வாசனையைச் சிதைத்துப் போக்கும் திரவம்) போட்டுத் துடையுங்கள்.