பழைய மோட்டார் சைக்கிள் கம்பெனிகளின் வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். தாத்தா ஓட்டிய புல்லட்டை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்று ஆசை. கையில் இங்கிலாந்து கேட்லாக் ஒன்றின் நகல் வைத்திருந்தார். "அண்ணா, ஆர்.சி.யில 1962ன்னு போட்டிருக்கு. அதான் 62 கேட்லாக்கைப் பார்த்து ஆர்டர் போடலாம்னு இருக்கேன்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது தடுக்க ஆள் இல்லை.

துரு, ஓட்டை டேங்க், போலி ஆவணம் பற்றியெல்லாம் எச்சரிக்கப் பலர் இருக்கிறார்கள். கம்பெனியின் வரலாற்றைத் தப்பாகப் படித்ததால் வரும் நஷ்டத்தை யாரும் சொல்வதில்லை.

பெயர் ஒன்று என்றால் கம்பெனியும் ஒன்று என்று நம்புவது

ட்ரையம்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மோட்டார் சைக்கிள் 1902-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வந்தது. 1940 நவம்பர் குண்டுவீச்சில் அந்த ஆலை அழிந்து, 1942-ல் மெரிடனுக்குப் போனார்கள். 1951-ல் கம்பெனி பி.எஸ்.ஏ. என்ற இன்னொரு இங்கிலாந்து கம்பெனியின் கைக்கு மாறியது. 1983-ல் மெரிடன் மூடியது. ஜான் புளூர் என்ற தொழிலதிபர் பெயரை வாங்கி ஹிங்க்லி என்ற ஊரில் புது ஆலை கட்டினார். அங்கே வந்த எஞ்சின்கள் புதிதாக வரையப்பட்டவை. டேங்கில் இருக்கும் எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது நூற்றிச் சொச்சம் வருஷ ஒரே கதை. எஞ்சினைத் திறப்பவருக்கு வேறு வேறு கதை.

இன்னும் குழப்பமானது இண்டியன். மசாசுசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டில் 1901-ல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி அது. 1953-ல் அங்கே உற்பத்தி நின்றது. 1955-லிருந்து சில வருஷம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கே இண்டியன் பேட்ஜ் குத்தி அமெரிக்காவில் விற்றார்கள். உட்ஸ்மேன் என்ற பெயரில் போன 500 சிசி வண்டி உள்ளே புல்லட்தான். அதன் படத்தைப் போட்டு, சென்னை திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் தயாரித்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்த வண்டி என்று ஒருவர் எழுதியதைப் படித்தேன். இண்டியன் என்ற சொல்லை அவர் இந்தியா என்று எடுத்துக்கொண்டார். அதைப் பத்து பேர் அப்படியே எடுத்துப் போட்டார்கள்.

ஒரே வருஷம் என்றால் ஒரே வண்டி என்று நினைப்பது

என் பணத்தைத் தின்ற தவறு இது. இன்றைக்கும் யாராவது செய்வதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

ராயல் என்ஃபீல்டின் தாய் ஆலை இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்தது. புல்லட் என்ற பெயர் 1932-லேயே வந்துவிட்டது. ஆனால் நாம் புல்லட் என்று அடையாளம் காணும் வண்டி, பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த 350, 1949-ல் விற்பனைக்கு வந்தது. 1950களில் இந்திய ராணுவம் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957-ல் பாகங்களைத் தயாரிக்கும் அச்சுகளும் கருவிகளும் இங்கே விற்கப்பட்டன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த அச்சுகளைத்தான். அச்சு வந்து இறங்கிய பிறகு வண்டியின் வடிவம் உறைந்துவிடும். ரெட்டிச்சில் 1955-க்கும் 1959-க்கும் நடுவே புல்லட்டில் பல மாற்றங்கள் செய்தார்கள். 1959-ல் கியர் விகிதத்தையும் மாற்றினார்கள். அவை சென்னைக்கு வரவில்லை; இங்கே 1955 வடிவமே தொடர்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு புல்லட்டும் இரண்டு வழியில் போய்விட்டன. ரெட்டிச் புல்லட்டின் ஆயுள் 1962 வாக்கில் முடிந்தது. நம் புல்லட் அப்போதுதான் முழுக்க முழுக்க உள்ளூர் வண்டியாகிறது.

இது தெரியாமல் நான் 1961-ம் வருஷ வண்டி ஒன்றை எடுத்தேன். இங்கிலாந்தின் 61-ம் வருஷ கேட்லாக்கைப் பார்த்து கியர் பாக்ஸுக்குள் போகும் பல்சக்கரங்களுக்கு ஆர்டர் கொடுத்தேன். பவுண்டில் விலை, கப்பல் கூலி, அதற்கு மேல் சுங்க வரி. மூன்று மாத வருமானம் போனது. பார்சல் வருவதற்குள் கியர் பாக்ஸில் இருந்த பழைய பல்சக்கரங்களை, தேய்ந்த லோக்கல் சாமான் என்று சொல்லி, புதுப்பேட்டை காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். பார்சலைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் பல் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. மிச்சமிருந்த பல்சக்கரங்களோடு அது சேரவே இல்லை. மறுநாள் புதுப்பேட்டைக்கு ஓடினேன். கடைக்காரர், "அது நேத்தே லோடுல போயிருச்சு சார்" என்றார்.

பணம் போனதைவிட அதுதான் வலித்தது. அவை திருவொற்றியூரின் ஆரம்ப வருஷங்களில் வெட்டிய பல்சக்கரங்களாக இருக்கலாம். ஒரு நாடு கற்றுக்கொண்டு செய்த முதல் பாகங்களை லோக்கல் சாமான் என்று ஒதுக்கியிருக்கிறேன். இன்றும் நிறையப் பேர் மெட்ராஸ் வண்டியிலிருந்து மெட்ராஸ் பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, இங்கிலாந்து பாகங்களைத் தேடிப் பூட்டி, ஒரிஜினல் ஆக்கிவிட்டதாகச் சந்தோஷப்படுகிறார்கள். அப்படி ஒரு வண்டி எந்த ஆலையின் வாசலையும் தாண்டி வெளியே வந்ததில்லை.

மெட்ராஸ் புல்லட்டுக்கு இங்கிலாந்து கேட்லாக் பார்த்தே தீர வேண்டும் என்றால் 1955-ஐப் பாருங்கள். ஆர்.சி.யில் என்ன வருஷம் இருந்தாலும் சரி. பாகத்தைக் கையில் வைத்துப் பல்லை எண்ணி, அளவெடுத்த பிறகு ஆர்டர் போடுங்கள். புதியது பொருந்தி, வண்டி ஓடும்வரை பழையதை எறியாதீர்கள்.

பதிவு வருஷத்தைப் பிறந்த வருஷம் ஆக்குவது

ஆர்.சி.யில் கண்ணில் படும் வருஷம் பதிவு செய்த வருஷமாக இருக்கலாம். ராணுவம் ஓட்டிவிட்டு ஏலத்தில் விட்ட வண்டி, பல வருஷம் கழித்துத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் வாசலை மிதித்திருக்கும். இங்கிலாந்து வண்டியில் இன்னொரு சிக்கல்: லண்டன் மோட்டார் சைக்கிள் கண்காட்சி அந்தக் காலத்தில் நவம்பரில் நடக்கும். அடுத்த வருஷத்து மாடல் முந்தைய இலையுதிர் காலத்திலேயே ஆலையை விட்டு வந்துவிடும்.

என்ஃபீல்டு ஊரில் தயாரானது என்று எழுதுவது

இல்லை. ரெட்டிச். என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததால் வந்த பெயர் அது.

டேங்கில் இருப்பவர்தான் எஞ்சினும் செய்தார் என்பது

1907-ல் மான் தீவில் நடந்த டி.டி. என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவை வென்றது இங்கிலாந்தின் நார்ட்டன். அதன் எஞ்சின் பிரான்சின் பெஜோ கம்பெனியுடையது. புகழ்பெற்ற புரோ சுப்பீரியர் வண்டிகளில் ஜே.ஏ.பி., மேட்ச்லெஸ் என்ற வேறு கம்பெனிகளின் எஞ்சின்கள் இருந்தன. எஞ்சின் யாருடையது என்று தனியாக ஒரு வரி எழுதிவையுங்கள்.

எஞ்சின், சேசிஸ் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது

தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெய், பழைய பல் தேய்க்கும் பிரஷ், அவ்வளவுதான்.

ஆலை மூடிய தேதியைக் கம்பெனி செத்த தேதி என்பது

ரெட்டிச் ஆலை 1967-ல் மூடியது. பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் என்ற இன்னொரு இங்கிலாந்து ஊரில் ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் வண்டிகள் 1970 வரை வந்தன. ராயல் என்ஃபீல்டு 1970-ல் முடிந்தது என்று பலர் புள்ளி வைப்பது இங்கேதான். திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி தொடங்கியது.

அந்தத் தம்பிக்கு என்னிடம் இருந்த 1955 கேட்லாக்கின் நகலைக் கொடுத்து அனுப்பினேன். நேற்று போன் செய்தார். கியர் பாக்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்தாராம், பல் எண்ணிக்கை சரியாக இருக்கிறதாம். கழற்றிய பாகங்களுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கட்டி, பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.